இருநூற்றுப் பன்னிரண்டாவது பெயர்

எழுதி முடித்த பிறகுதான் சுகுணா பார்த்தாள். கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டிருந்தது. தாளின் மேல்மூலையில் பென்சிலால் 106 என்று பக்க எண் போட வேண்டியது, அவ்வளவுதான் வேலை, இருபத்தேழு வருஷமாக அவள் லட்சம் தாளுக்காவது அப்படி எண் போட்டிருப்பாள், 106 போட்டுமாயிற்று, அங்கே நிற்க வேண்டிய பென்சில் நிற்காமல் நாலு விரற்கடை கீழே இறங்கி, என்றோ செத்துப்போன ஒரு குமாஸ்தா "பெயர்:" என்று மட்டும் எழுதி எதிரே வெறுமையாக விட்டுப்போன இடத்தில், நல்ல அழுத்தமாக, கடைசிப் புள்ளி வரைக்கும் சுத்தமாக, கதிரேசன் என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்தேதான். அவள் புருஷன் பெயரேதான். இது எப்படி நடந்தது என்று கேட்டால் அவளுக்கே தெரியும், நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ஏழு தாள் நீட்டினார்கள், ஏழிலும் நோயாளி பெயர் என்று போட்டு எதிரே ஒரு காலியிடம், ஏழிலும் எழுதினாள், கதிரேசன், கதிரேசன், கதிரேசன், மயக்கம் கொடுக்கச் சம்மதம், ஏதும் நேர்ந்தால் சம்மதம், கதிரேசன். இன்றைக்குக் காலையில் இன்னும் இரண்டு தாள். பெயர் என்று ஒன்றைப் பார்த்ததும் கை பத்தாவது தாளை நிரப்புவதாக நினைத்துக்கொண்டுவிட்டது. கைக்கு என்ன தெரியும், பாவம். ஆனால் இது ஆஸ்பத்திரித் தாள் இல்லை. இது ஆத்ம சம்பாஷண சபையின் அழைப்பேடு, இரண்டாம் தொகுதி, விக்கிரம வருஷம். இதில் பெயர் எழுதப்பட்டவர்கள் இருநூற்றுப் பதினோரு பேர். அத்தனை பேரும் செத்தவர்கள்.

மணி பதினொன்று தாண்டி இரண்டு நிமிஷம். பதினொரு மணிக்கு உள்ளே கூட்டிப்போவோம் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியானால் அவள் பென்சில் அந்தக் 'க'வில் தொடங்கிய நேரத்தில் அவரைச் சக்கரக் கட்டிலில் வைத்து அந்தக் குளிர் அறைக்குள் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள், கடைசிப் புள்ளி வைத்தபோது கையிலோ தொடையிலோ ஊசி இறங்கியிருக்கும், இல்லை இதெல்லாம் பைத்தியக்காரத்தனம், படித்தவள் பேசுகிற பேச்சா இது. அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். உள்ளங்கை வேர்த்திருந்தது, வேர்த்த கையால் தாளைத் தொடக் கூடாது, புடவையில் துடைத்துக்கொண்டாள், மறுபடி வேர்த்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அந்தக் காலத்து வணிகர் ஒருவர் வீட்டின் மாடியில் இருக்கும் இந்த ஆவணக் காப்பகத்தில் அவள்தான் பொறுப்பாளர். நாளைக்கு ஸ்கேன் செய்கிறவர்கள் வருகிறார்கள், அதற்குள் சபையின் ஏடுகளுக்குப் பக்க எண் போட்டுப் பட்டியல் முடிக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் வந்தாள். அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னாள். சபைக்காரர்களைப் பற்றி அவளுக்குத் தேவையான அளவு தெரியும். தாது வருஷப் பஞ்சத்தில் இந்தப் பக்கத்தில் ஊர் ஊராகச் செத்தார்கள், குழியில் மொத்தமாகத் தள்ளினார்கள், கொள்ளியும் இல்லை கோடித்துணியும் இல்லை. பஞ்சம் முடிந்து மழை பெய்த பிறகு மிஞ்சியவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் இந்தச் சபையை ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் வந்து உட்கார்வார்கள். ஒரு மணையைக் காலியாகப் போட்டு அதன் எதிரே ஒரு சட்டி கேழ்வரகுக் கூழ் வைப்பார்கள், ஏனென்றால் வரப்போகிறவர்கள் பசியோடு செத்தவர்கள். பெயரை ஏட்டில் எழுதுவார்கள். அழைக்கிறவர் தன் வாயாலேயே அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும், இன்னொருத்தர் சொன்னால் செல்லாது. பிறகு குட்டியம்மாள் என்கிற பெண்ணின் மேல் ஆவி வந்து பேசும், ஏட்டில் அவளை "வாய்" என்றே குறித்திருக்கிறார்கள், வாய் பேசிற்று, வாய் அழுதது, வாய் கூழ் கேட்டது. எல்லோரிடமும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான், கூழ் குடித்தாயா. எண் போடும்போது கண்ணில் அந்த வரி படும் ஒவ்வொரு தடவையும் அவள் பார்வையை மூலைக்குத் திருப்பிக்கொள்வாள். படிக்கிறவள் பட்டியல் முடிக்க மாட்டாள், எண்ணுகிறவள்தான் முடிப்பாள் என்பது அவள் தொழில் கொள்கை.

ஆனால் முதல் பக்கத்து விதிகளைப் படிக்காமல் இருக்க முடியாது, பட்டியலில் அதைக் குறிக்க வேண்டும், குறித்தும் இருந்தாள், இப்போது அது மனப்பாடமாக வந்து நின்றது. ஜீவித்திருப்போர் நாமம் இவ்வேட்டில் எழுதலாகாது. எழுதிய நாமம் சுரண்டலாகாது, சுரண்டினால் வந்தவர் திரும்பும் வழி அறியார். ரப்பர் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வெள்ளை ரப்பர், மெத்தென்று, பழைய தாளுக்கென்றே வாங்கினது. பென்சிலால் எழுதுவதே அழிக்க முடியும் என்பதற்காகத்தான், தப்பு எண் போட்டால் அழித்துவிட்டுப் போகிறோம், இதுவும் ஒரு தப்பு, அழி, அழித்துவிட்டு 107க்குப் போ. அவள் இழுப்பறையைத் திறந்தாள். ரப்பரை எடுத்தாள். திருப்பி வைத்தாள். தாள் அந்த இடத்தில் வெற்றிலைச் சருகு மாதிரி இருக்கிறது, முன்பக்கத்து மை தின்று தின்று இந்தப் பக்கம் வரை வந்துவிட்டது, தேய்த்தால் பொத்துக்கொள்ளும். அதுதான் காரணம். அது மட்டும்தான் காரணம், வேறே எதுவும் இல்லை, சபையும் இல்லை விதியும் இல்லை, மையின் அமிலம்தான் என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். மூன்றாவது தடவை சொல்லும்போது குரல் வெளியே வந்துவிட்டது போலிருக்கிறது.

"என்னக்கா?" என்றாள் மும்தாஜ். எதிர் மேஜையில் கிழிந்த தாளுக்கு மெல்லிய ஒட்டுத்தாள் வைத்துப் பசை தடவிக்கொண்டிருந்தாள். அவள் தூரிகை தாளின் மேல் ஓடும் சத்தம்தான் இவ்வளவு நேரமும் அறையில் இருந்தது.

"ஒண்ணுமில்ல. தாள் ரொம்ப நொறுங்குது."

"எங்கிட்டக் குடுங்க, பார்க்கறேன்."

"வேணாம்" என்றாள் சுகுணா, வேண்டியதைவிடச் சத்தமாக. இடது கையால் அந்தப் பெயரை மறைத்துக்கொண்டாள், பரீட்சையில் பக்கத்துப் பெண் பார்த்துவிடக் கூடாதென்று மறைப்போமே அப்படி. மும்தாஜ் ஒரு விநாடி பார்த்தாள். "அக்கா, போனை வேணா உள்ள கொண்டாந்து வெச்சுக்கோங்க. இன்னைக்கு ஒரு நாள்தானே. நான் யாருகிட்டயும் சொல்லப் போறதில்ல" என்றாள். வாசிப்பறைக்குள் போன் கூடாது என்பது சுகுணா போட்ட விதி. வெளியே மர அலமாரியில் ஆளுக்கொரு பொந்து, அதில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். விதி போட்டவளே மீறலாமா என்று மும்தாஜிடம் சொன்னாள். நிஜம் என்னவென்றால் போன் பக்கத்தில் இருந்தால் அது அடிக்கும். பொந்தில் இருந்தால் அடித்தாலும் மெதுவாகத்தான் கேட்கும், கேட்கவில்லை என்றுகூட இருந்துவிடலாம். அடிக்காத வரைக்கும் எதுவும் நடக்கவில்லை.

பயந்து ஓடி வந்துவிட்டாள், அதுதான் உண்மை, இதை வேறே நல்ல வார்த்தையில் சொல்ல முடியாது. போன செவ்வாய்க்கிழமை தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடி ஏறினவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பலாக இருந்தது. "வாயுதான், நேத்து உருளைக்கிழங்கு போட்ட இல்ல" என்று பழியை அவள் மேல் போட்டார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டர், எந்தக் கூட்டத்திலும் தன் வாயால் வழி பண்ணிக்கொண்டு போய் வந்த மனுஷன், டாக்டரிடமே, "அடைப்பு இருந்தா இறக்கி விட்ருங்க சார், ஸ்டாப்பிங் வந்துருச்சு" என்றார். டாக்டர் சிரித்தார். ஆஞ்சியோ செய்து பார்ப்போம், அடைப்பு இருந்தால் அங்கேயே ஸ்டென்ட் வைத்துவிடுவோம், முக்கால் மணி வேலை, பயப்பட ஒன்றுமில்லை என்றார். "ஆஞ்சியோங்கறது இப்பல்லாம் காது குத்தற மாதிரி" என்று வீட்டுக்கு வந்து இவளுக்கு விளக்கம் வேறே. பெங்களூரில் இருக்கும் மகள் நித்திலாவிடம் சொல்ல வேண்டாம், முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார். காலையில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார், நேற்று இரவிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை, கால் இரண்டும் துணிக்கு வெளியே மெலிசாகத் தெரிந்தன, எப்போது இவ்வளவு மெலிந்தது இந்தக் கால். "நீ ஆபீஸ் போ. ராசு இருக்கான்ல. உன் மூஞ்சியப் பார்த்தா எனக்கு பிபி ஏறுது" என்றார். ராசு அவர் தம்பி. அவளுக்குக் கோபம் வந்தது, கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் வந்தது, அப்பாடா என்றிருந்தது. அந்த வராந்தா, அந்தப் பச்சை நாற்காலி, கதவு திறந்து யாரோ வெளியே வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடும் அந்த நேரம், அதெல்லாம் ராசுவுக்கு. ராசு டீக்கடையில் இருப்பான் என்பது அவளுக்குத் தெரியும், உலகம் புரண்டாலும் அவன் டீக்கடையிலிருந்துதான் பார்ப்பான். தெரிந்துதான் வந்தாள். வாசல்வரை வந்து திரும்பிப் பார்க்கும்போது அவர் கையைத் தூக்கி, போலாம் ரைட், என்று காட்டினார்.

பதினொன்று முப்பத்தைந்து. எழுதினதுதான், வாயால் சொல்லவில்லை, என்று மனசு ஒரு இடுக்கைக் கண்டுபிடித்தது. ஆமாம். விதி அப்படித்தானே. அழைக்கிறவர் தன் வாயால் சொன்னால்தான் அழைப்பு. அவள் அவர் பெயரை வாயால் சொன்னதே இல்லை, இன்றைக்கு என்றில்லை, கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இதில் அவளுக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு. எம்.ஏ. படித்தவள், நாலு பேருக்கு மேலதிகாரி. ரேஷன் கடையில் புருஷன் பெயர் கேட்டால் அவள் அம்மா வாயைத் திறக்காமல் சுவரில் மாட்டியிருக்கும் முருகன் காலண்டரைக் கை காட்டுவாள், கடைக்காரர் வேண்டுமென்றே, "பழனியா? சுப்பிரமணியா? வேலாயுதமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விளையாடுவார், கூட நிற்கும் சுகுணாவுக்கு மானம் போகும். நான் அப்படி இருக்க மாட்டேன் என்றுதான் இருந்தாள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் சொல்லிப் பார்க்கலாமென்று சமையலறையில் நின்று வாயைத் திறந்தாள், வரவில்லை. யாரும் தடுக்கவில்லை, அம்மா ஊரில் இருந்தாள், அவரோ கேட்டால் சிரித்திருப்பார், ஆனாலும் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று யாரோ எப்போதோ சொன்னது அடித்தொண்டையில் குந்தியிருந்தது. அப்புறம் ஏங்க என்றாயிற்று, நித்திலா பிறந்தபின் நித்திலா அப்பா என்றாயிற்று. எழுத்தில் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறாள், எழுத்துக்கு நாக்கு இல்லை. ஆகவே இது அழைப்பே ஆகாது, பாதி அழைப்பு, செல்லாது. அப்படி நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. செல்லாது என்று சொல்ல வேண்டுமென்றால் மற்றது செல்லும் என்று நம்புகிறாள் என்றல்லவா ஆகிறது. எப்போதிருந்து நம்புகிறாள்?

அப்போதுதான் ஏன் இந்த 212 காலியாக இருக்கிறது என்கிற கேள்வி வந்தது. இருநூற்றுப் பதினோரு அழைப்பையும் ஒரு வரி பிசகாமல் எழுதினவர், 212 என்று எண் போட்டு, "பெயர்:" என்றும் எழுதிவிட்டு, ஏன் விட்டார். அதற்கப்புறம் ஏடு முழுக்க வெற்றுத்தாள். கொள்கையை மீறித் தாளை மெல்லத் திருப்பினாள். முன்பக்கத்தில் 211, கதிரேசனுக்கு நேர் முதுகில், மாரப்பன். அழைத்தவள் பெண்சாதி பழனியாயி. ஈசுவர வருஷம் குளம் வெட்டுக் கூலிக்கென்று போனவன், மூன்று வருஷமாகத் தகவல் இல்லை, செத்தானென்று ஊரார் சொல்லித் தாலி வாங்கியாயிற்று. "மேற்படி பழனியாயி புருஷன் நாமம் சொல்ல மாட்டாமல் வெகுநேரம் அழுதனள். ஜீவித்திருக்கையில் சொல்லாத நாமத்தை இப்போது எங்ஙனம் சொல்வேன் என்றனள். சபையார் வற்புறுத்தினர். சொன்னனள். வாய் பேசவில்லை. கூழ் அப்படியே இருந்தது. பதில் இல்லை." பட்டியலுக்காக அவள் குறித்தவரையில் இருநூற்றுப் பதினோரு பேரில் பதில் சொல்லாதவன் இவன் ஒருத்தன்தான். அட்டையின் உட்புறத்தில் மடித்துச் செருகின உதிரித்தாள் ஒன்று இருந்ததைக் காலையிலேயே பார்த்திருந்தாள், உதிரி 1 என்று எண் போட்டு உறையில் வைத்திருந்தாள், படிக்கவில்லை. இப்போது உறையிலிருந்து எடுத்தாள். அதே குமாஸ்தாவின் கை, ஆனால் கோணலாக, அவசரமாக.

"சின்னையா பிள்ளை எழுதுவது. இதை ஏட்டில் எழுதச் சபையார் சம்மதியாமையால் தனியே எழுதுகிறேன். மாரப்பன் சாகவில்லை. கண்டித் தோட்டத்துக்குப் போயிருந்து, அழைத்த பதினோராம் நாள் பகல் பொழுதில் வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டினான். நான் தெருவில் நின்று பார்த்தேன். பழனியாயி கதவைத் திறக்கவில்லை. நான் கூப்பிட்டதற்கு வந்துவிட்டாய், தெரியும் என்று உள்ளேயிருந்து சொன்னாள். நான் உயிரோடிருக்கிறேன், பசிக்கிறது, கதவைத் திற என்றான். அவள் கதவிடுக்கு வழியாய் ஒரு சட்டி கூழை வெளியே தள்ளினாள். நெடுந்தூரம் நடந்து வந்தவனானபடியால் அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். குடிக்கும் சப்தம் கேட்டு அவள் உள்ளே கோவென்று அலறினாள். கூழ் குடிக்கிறவர்கள் செத்தவர்கள் என்று நாங்களல்லவோ அவளுக்குக் காட்டிக் கொடுத்தோம். அவனுக்கு நிழல் விழுகிறது, பார் என்று நான் சொல்லியும் திறந்தாளில்லை. பொழுது சாயும் மட்டும் உட்கார்ந்திருந்து எழுந்து போனான். எங்கே போனானென்று ஒருவருக்கும் தெரியாது. இனி இவ்வேட்டில் என் கையால் ஒரு நாமம் எழுதேன்."

சுகுணா தாளை வைத்துவிட்டாள். அறை அப்படியேதான் இருந்தது, மும்தாஜின் தூரிகை ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னலுக்கு வெளியே மூட்டை இறக்கும் லாரியில் யாரோ யாரையோ வைதுகொண்டிருந்தார்கள். நூற்று நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒருத்தரும் தொடாத இடத்தில் அடுத்த பெயரை எழுத அவள் கைதானா கிடைத்தது. அதுவும் எந்தப் பெயர். அதுவும் எந்த நேரத்தில். மாரப்பன் வந்து சேரப் பதினோரு நாள் ஆயிற்று, இங்கே ஆஸ்பத்திரிக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் மூன்று கிலோமீட்டர்தான். பதினொன்று ஐம்பத்தெட்டு. முக்கால் மணி வேலை என்றார்கள். பதினொன்றுக்குப் போனால் பதினொன்றே முக்காலுக்கு முடிந்திருக்க வேண்டும், முடிந்திருந்தால் ராசு கூப்பிட்டிருப்பான், டீக்கடையிலிருந்தாவது கூப்பிட்டிருப்பான். கூப்பிடவில்லை. கூப்பிட்டது கேட்கவில்லையோ. எழுந்து போய்ப் பார்க்கலாம், பத்தடிதான், எழுந்திருக்கவில்லை. மயக்கம் கொடுக்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தவள் அவள், ஏதும் நேர்ந்தால் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தவள் அவள், எந்தப் பெண்சாதி அப்படி எழுதிக் கொடுப்பாள், அத்தனைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கே வந்து பத்தாவதாக இதிலும் எழுதி வைத்திருக்கிறாள். பழனியாயியை அவள் பார்த்தாள், முகம் தெரியவில்லை, கதவில் அப்பியிருக்கிற இரண்டு கை மட்டும் தெரிந்தது, வெளியே மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம். அந்தப் பெண்ணும் பயந்தவள்தான். பயந்தவளுக்கு எது வந்தாலும் பேயாகத்தான் வரும். என் பயம் அவரை என்ன செய்யும், என் பயம் கதவைச் சாத்திக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறதே.

வெளியே பொந்துக்குள் மரத்தில் வண்டு துளைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"அக்கா, உங்க போன்தான்" என்றாள் மும்தாஜ்.

சுகுணா எழுந்திருக்கவில்லை. கேட்காதது மாதிரிகூட அவளால் நடிக்க முடியவில்லை, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். மும்தாஜ் தூரிகையை வைத்துவிட்டு ஓடிப் போய்ப் போனை எடுத்து வந்தாள், விதியாவது ஒன்றாவது, ஏட்டுக்கு மேலேயே நீட்டினாள். தெரியாத நம்பர். லேண்ட்லைன். சுகுணா பச்சையை அழுத்தினாள்.

"ஹலோ, ஆஞ்சியோ வார்டுலேர்ந்து பேசறோம். அட்டெண்டர் யாரையும் காணோம், ஃபைல்ல இந்த நம்பர் இருந்துச்சு. நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?" சின்னப் பெண் குரல். அவசரக் குரல்.

"சம்சாரம்."

"பேஷண்ட் பேர் சொல்லுங்கம்மா."

"எங்க வீட்டுக்காரர். பெட் நம்பர் பதினாலு."

"பெட்டெல்லாம் மாத்தியாச்சும்மா. இன்னைக்கு நாலு பேருக்குப் பண்ணிருக்கோம். பேர் சொன்னாத்தான் நான் சொல்ல முடியும்."

நாலு பேர். அதில் எத்தனை பேர் இப்போது. சுகுணாவின் கண் நேரே கீழே இருந்த தாளில் விழுந்தது, பெயர் அங்கேதான் இருந்தது, வாசித்தால் போதும். வாய் திறந்தது. நாக்கு இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கத்தில் மேலே போய் ஒட்டிக்கொண்டது. எழுதியாயிற்று, இனி சொல்லவும் சொல்லிவிட்டால் அழைப்பு முழுசாகிவிடும். "ஹலோ? அம்மா, லைன்ல இருக்கீங்களா?" மும்தாஜுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருக்கிறது, அவள் கண் ஒரு தடவை தாளில் போய் வந்தது, கையை நீட்டினாள், "குடுங்கக்கா, நான் சொல்றேன்" என்று மெல்லச் சொன்னாள். குடுத்துவிடலாம். இன்னொருத்தர் வாயால் சொன்னால் செல்லாது, அவருக்கு ஒன்றும் ஆகாது, எவ்வளவு சுலபம். போன் பாதி தூரம் போய்விட்டது. பாதியில் சுகுணா அதைத் திருப்பிக் காதுக்குக் கொண்டுவந்தாள். ஏனென்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. பழனியாயி பெயரைச் சொன்னாள், அதில் ஒரு தப்பும் இல்லை, வந்தவனுக்குக் கதவைத் திறக்கவில்லை, அதுதான், அது மட்டும்தான் என்று மண்டைக்குள் ஓடியது. இல்லை, அப்படிக்கூட ஓடவில்லை, போன் போய்விட்டால் அவரும் போய்விடுவார் என்று கையில் ஒரு பதைப்பு, அவ்வளவுதான்.

"கதிரேசன்" என்றாள்.

அந்த அறையில் அவ்வளவு சத்தமாக யாரும் எதையும் சொன்னதில்லை. அவள் குரல் மாதிரியே இல்லை. எதிர்ப்பக்கத்தில் தாள் புரட்டுகிற சத்தம். எங்கேயோ ஒரு கட்டில் சக்கரம் கிறீச்சிட்டது. அவள் எண்ணினாள், எண்ணுவதுதான் அவளுக்குத் தெரிந்த தொழில், ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்பது வரை எண்ணினாள், ஒன்பதில் பழனியாயியின் அலறல் தன் தொண்டையில் ஏறி நிற்பதை உணர்ந்தாள்.

"கதிரேசனா? ஸ்டென்ட் ஒண்ணு வெச்சிருக்கும்மா. அதான் லேட்டு. நல்லாருக்கார். உங்ககிட்டப் பேசணும்னு ஒரே தொந்தரவு, இந்தாங்க பேசுங்க." ஏதோ உரசியது. பிறகு அவர் குரல், வறண்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. "யாரு, நீயா? எம் பேரையா சொன்ன? இந்தப் பொண்ணு ஸ்பீக்கர்ல போட்டுருந்துச்சு, எனக்கே கேட்டுச்சு. எதுக்குக் கூப்ட்ட?" அவள் கைமயிர் எழுந்து நின்றது. "பசி உசுரு போகுது சுகு. நேத்து ராத்திரிலேர்ந்து ஒண்ணுமில்ல. இப்பத்தான் ஒரு டம்ளர் கஞ்சி குடுத்தாங்க. ஒரே மூச்சுல குடிச்சுட்டேன். இன்னொண்ணு கேட்டா முறைக்கறாங்க."

கஞ்சி குடித்துவிட்டார். ஒரே மூச்சில் குடித்துவிட்டார். அந்த ஒரு விநாடி சுகுணா கதவுக்கு உள்ளே நின்றாள், மரம் கன்னத்தில் பட்டது, வெளியே குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நிற்பவர் யாரென்று அவளுக்கு நிச்சயமில்லை. பிறகு, குடித்தும் இன்னும் பசிக்கிறது என்கிறாரே, உயிரோடிருக்கிறவருக்குத்தானே அப்படிப் பசிக்கும், என்று தோன்றியது. அவ்வளவு சின்ன விஷயம், பழனியாயியிடம் எடுத்துச் சொல்ல அன்றைக்கு ஆளில்லை, சொன்ன ஒருத்தரும் நிழலைப் பற்றித்தான் சொன்னார். சுகுணாவுக்கு அழுகை வந்தது. மூக்கை முந்தானையில் துடைத்தாள். ஏட்டில் சொட்டிவிடக் கூடாதென்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு அழுதாள்.

"அழறியா? ஏய், ஒண்ணுமில்லடி. காது குத்துன மாதிரிதான்."

"நான் வர்றேன்" என்றாள்.

"நீ எதுக்கு? ராசு இருக்கான்ல."

"ராசு டீக்கடையில இருக்காரு. நான் வர்றேங்க. உள்ள விடுவாங்களா? கதவைச் சாத்திடப் போறாங்க."

"ஆஸ்பத்திரிக் கதவு என்னைக்கு சுகு சாத்திருந்துச்சு?" என்றார் அவர். "வரும்போது ஒரு பிளாஸ்க்ல கஞ்சி கொண்டா. உப்பு போட்டு. இவங்க உப்பே போடல."

போனை வைத்த பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள், மறுபடி கழற்றிக் கண்ணாடியை உள்ளே போட்டாள், மாட்டிக்கொண்டாள். மும்தாஜ் ஏட்டின் அருகே வந்து நின்று பென்சில் எழுத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், தொடவில்லை. "அக்கா, இதை என்ன பண்றது? நாளைக்கு ஸ்கேன்ல விழுந்துருமே. நான் வேணா பதமா எடுத்துரட்டுமா?" என்று கேட்டாள். சுகுணா பார்த்தாள். மாரப்பன் முதுகில் கதிரேசன். "வேணாம், இருக்கட்டும்" என்றாள். "பட்டியல்ல எழுதிக்க. இலக்கம் 212, பென்சிலில், பிற்காலக் கையெழுத்து." "அழைத்தவர்னு ஒரு கட்டம் இருக்கே?" "எம் பேரை எழுது." பதில் என்றும் ஒரு கட்டம் இருந்தது. அதை மும்தாஜும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மாடிப்படி செங்குத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினாள். பாதிப் படியில் நின்றாள், அவர் உட்கார்ந்துவிட்டதும் இதே மாதிரி ஒரு பாதிப் படிதான். பயம் முழுசாகப் போய்விடவில்லை, கொஞ்சம் மிச்சம் இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். யாரும் இல்லையே என்று மேலும் கீழும் பார்த்துக்கொண்டு, கதிரேசன் என்று இன்னொரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. அவள்தான் போய்க்கொண்டிருந்தாள்.